விருந்துக்கு ஸ்மோக்டு சால்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பே பற்ற வைக்காமல் தரக்கூடிய ஸ்டார்ட்டர் என்பதால் புகையூட்டிய சால்மனைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். எவ்வளவு வாங்குவது, எப்போது வெளியே எடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற சந்தேகங்கள் அதன் பிறகுதான் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

இது பச்சை மீனா, வெந்த மீனா? பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே சாப்பிடலாமா?

பெரும்பாலும் கடையில் கிடைக்கும் மெல்லிய, பளபளப்பான ஏடுகள் ‘கோல்டு ஸ்மோக்டு’ வகை. மீனை உப்பில் ஊறவைத்து, காற்றில் உலர்த்தி, 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல மணி நேரம் புகை காட்டுவார்கள். அந்தச் சூட்டில் மீன் வேகாது. உப்பு ஏறி, நீர் வற்றி, சதை இறுகியிருக்கும். சமைக்காமல் அப்படியே சாப்பிடுவதற்காகவே செய்யப்பட்டது. யார் இதை அப்படியே சாப்பிடக் கூடாது என்பதைக் கர்ப்பிணிகள் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

கடையில ரெண்டு மூணு வகை இருக்கே, விருந்துக்கு எதை எடுக்கிறது?

கோல்டு ஸ்மோக்டு என்றால் ஏடு ஏடாக, வழுவழுப்பாக இருக்கும். தட்டில் விரித்துத் தருவதற்கு அதுதான். ‘ஹாட் ஸ்மோக்டு’ என்பது புகையிலேயே வெந்த மீன். நிறம் மங்கி, விரலால் அழுத்தினால் உதிரும். சாலட்டில் உதிர்த்துப் போடவும், கிரீம் சீஸோடு மசித்துத் தடவவும் அது பொருந்தும். மேலே வெள்ளையாகத் திரண்டிருப்பது வெப்பத்தில் வெளியேறிய புரதம். கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. மூன்றாவது, ‘கிராவ்லாக்ஸ்’. உப்பு, சர்க்கரை, டில் இலை சேர்த்து ஊறவைத்தது. வழக்கமாக அதில் புகையே கிடையாது. புகை வாசம் பிடிக்காத விருந்தினர் இருந்தால் அதை எடுக்கலாம்.

மீனிலும் வேறுபாடு உண்டு. பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனில் கொழுப்பு அதிகம். வெளிர் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும், வாயில் கரையும். பசிபிக் கடலில் பிடிக்கும் சாக்கை சால்மன் அடர்சிவப்பு. கொழுப்பு குறைவு, கொஞ்சம் உலர்ந்திருக்கும், மீன் சுவை தூக்கலாக இருக்கும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் மேசையில் அதிகம் என்றால் அட்லாண்டிக்கே மேல்.

பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்கணும்?

பொருட்பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும்: சால்மன், உப்பு, சில நேரம் சர்க்கரை, புகை. ‘டிரை க்யூர்டு’ என்று போட்டிருந்தால் உலர் உப்பு தடவி நீரை வற்ற வைத்தது. ஏடு இறுக்கமாக இருக்கும். உப்புநீரை ஊசியால் செலுத்திச் செய்யும் மலிவான வகை, தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் நீர் விடும். பாக்கெட்டைச் சாய்த்துப் பாருங்கள். மூலையில் நீர் தேங்கினால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஓக், பீச், ஆல்டர் என்று எந்த விறகின் புகை என்பதையும் சிலர் அச்சிடுவார்கள். ஓக் சற்று அழுத்தம், ஆல்டர் மென்மை. இந்த வேறுபாடு உப்பின் அளவும் மீனின் தரமும் தரும் வேறுபாட்டைவிடச் சிறியது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பத்துப் பேருக்கு எவ்வளவு வாங்கணும்?

ஆளுக்கொரு தட்டு வைத்தால் 60 முதல் 80 கிராம். 70 என்று கணக்கிட்டால் பத்துப் பேருக்கு 700 கிராம்; கிழிந்த ஏடுகளுக்கும் இன்னொரு துண்டு கேட்பவருக்கும் சேர்த்து 800 கிராம் வாங்குங்கள். நின்றபடி சாப்பிடும் சிறு துண்டுகள் என்றால் ஒன்றுக்கு 12 முதல் 15 கிராம். உணவுக்கு முன் ஆளுக்கு மூன்று போதும். பத்துப் பேருக்கு அரை கிலோவுக்குள் முடிந்துவிடும். வேறு இரண்டு மூன்று ஸ்டார்ட்டரும் இருந்தால் ஆளுக்கு 30 முதல் 40 கிராம்.

தாராளமாக வைக்கிறேன் என்று 120 கிராம் அடுக்குவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. உப்பும் கொழுப்பும் மிகுந்த மீன் இது. பாதித் தட்டிலேயே நாக்கு சலித்துவிடும், பின்னால் வரும் உணவும் எடுபடாது.

எத்தனை நாள் முன்னாடி வாங்கலாம்? ஃப்ரீசர்ல போடலாமா?

பிரிக்காத வேக்கம் பாக்கெட் என்றால் அதில் அச்சிட்ட தேதி வரை வைக்கலாம், ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே 0 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும்பட்சத்தில். கதவுத் தட்டு கூடாது. திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. கீழ்த்தட்டில் பின்பக்கம் வையுங்கள். பிரித்த பிறகு இரண்டு, மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். பாக்கெட்டில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள்.

முன்பே உறைய வைத்து உருக்கி விற்றது என்று பாக்கெட்டில் இல்லாவிட்டால், ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு மாதம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். விருந்துக்கு முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி மெதுவாக உருக விடுங்கள். மாற்றும்போது வேக்கம் உறையில் ஒரு கீறல் போடுவது அவசியம். காற்றில்லாத உறைக்குள் வளரக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் ஒரு வகை, 4 டிகிரிக்குச் சற்றுக் கீழேகூடப் பெருகும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

விருந்து நாள்ல ஃப்ரிட்ஜிலிருந்து எப்ப எடுக்கணும்?

பரிமாறுவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு. நேராக ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் கொழுப்பு இறுகி, வாயில் மெழுகு மாதிரி இருக்கும், புகை வாசமும் தெரியாது. ஒரு மணி நேரம் வெளியே கிடந்தால் எண்ணெய் கசிந்து ஏடு துவண்டுவிடும்.

மேசையில் இருக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு. வெளியே எடுத்ததிலிருந்து மொத்தம் 2 மணி நேரம். அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம். பஃபே முறை என்றால் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டாமல் மூன்று சிறு தட்டுகளாகப் பிரித்து, ஒன்று முடிய முடிய அடுத்ததை எடுத்து வையுங்கள்.

ஏடெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிழியுதே?

அதிகக் குளிரில் பிரிப்பதால்தான். பாக்கெட்டின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டித் திறந்து, பத்து நிமிடம் விட்டு, வழவழப்பான கத்தியின் முதுகை ஏடுகளுக்கு இடையில் செருகி, அகலமான முனையிலிருந்து மெதுவாக உரியுங்கள். நுனி விரலை ஒரு சொட்டு எண்ணெயில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. அப்படியும் கிழிந்தவற்றை மடித்து வைத்தால் யாருக்கும் தெரியாது.

வெட்டாத முழுப் பக்கமா வாங்கினா லாபமா? எப்படி வெட்டுறது?

ஆள் அதிகம் என்றால் லாபம்தான், புதுமையும் கூடுதல். தோலும் ஓரங்களும் போக 1 கிலோவில் ஏறத்தாழ 800 கிராம் தேறும். ஆனால் நீளமான, மெல்லிய, வளைந்துகொடுக்கும் கத்தி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். சமையலறையின் தடித்த கத்தி மீனை அறுக்காது, இழுத்துப் பிய்க்கும்.

வெட்டும்போது மீன் குளிர்ந்திருக்க வேண்டும். தோல் கீழே இருக்கும்படி பலகையில் வையுங்கள். மேலே காய்ந்து கெட்டியான மெல்லிய படலத்தைச் சீவி எடுங்கள். மெல்லக் கடினமாக இருக்கும், கசக்கவும் செய்யும். தலைப்பக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை விரலால் தடவி, தட்டுப்படும் ஊசிமுட்களைச் சாமணத்தால் அவை சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். பிறகு வால் முனையிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, வாலை நோக்கிச் சீவ வேண்டும். கத்தியின் நிழல் ஏட்டின் ஊடாகத் தெரியும் அளவு மெல்லிசு. ஒவ்வொரு ஏட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பக்கம் நகருங்கள். கத்தியை அழுத்தாமல் முழு நீளத்துக்கும் முன்னும் பின்னும் இழுப்பதுதான் சூட்சுமம். தோலை ஒட்டிய பழுப்புச் சதையில் மீன்வாடை மிகுதி. அதைத் தட்டில் வைக்காமல் ஒதுக்குங்கள்.

கை பழகவில்லையா? நேர்க்குத்தாக, 6 மில்லிமீட்டர் தடிமனில், தோல் வரை வெட்டி உரித்தெடுங்கள். தடித்த துண்டுக்கும் தனி ரசிகர்கள் உண்டு.

கூட என்னென்ன வைக்கணும்? கேப்பர், வெங்காயம், முட்டை, சீஸ் எல்லாமா?

எல்லாம் வேண்டாம். மீன் உப்பும் கொழுப்புமாக இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு புளிப்பு, ஒரு காரம், ஒரு மாவுப்பொருள். புளிப்புக்கு எலுமிச்சைக் கீற்று அல்லது கழுவிய கேப்பர் (உப்பிலோ வினிகரிலோ ஊறிய சிறு பூமொட்டு). காரத்துக்குப் புதிதாக இடித்த மிளகு, இல்லையென்றால் ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேர். மாவுக்கு வெண்ணெய் தடவிய ரை ரொட்டியோ முழுக்கோதுமை ரொட்டியோ. இந்த மூன்றும் இருந்தாலே தட்டு நிறைவு. டில் இலையும் வெள்ளரிக்காயும் நல்ல சேர்க்கை. வெங்காயத்தை வைப்பதானால் தாள் போல நறுக்கி, பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து வையுங்கள். பச்சையாக வைத்தால் இரவு முழுக்க அதுதான் வாயில் நிற்கும்.

ஹார்ஸ்ராடிஷ் கிரீம் பத்துப் பேருக்கு: 200 மில்லி சவர் கிரீம், ஜாடியில் வரும் துருவிய ஹார்ஸ்ராடிஷ் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி. கலந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ருசி பாருங்கள், காரம் அதற்குள் பரவியிருக்கும். உப்பு போடாதீர்கள். தட்டில் எதிலுமே உப்பு சேர்க்கத் தேவையில்லை, வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கட்டும்.

எலுமிச்சையை முன்னாடியே பிழிஞ்சு வெச்சா வேலை மிச்சம்தானே?

வேண்டாம். சாற்றின் அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரிந்து, கண்ணாடி போல இருந்த ஏடு சில நிமிடங்களில் வெளுத்து மங்கும். கீற்றாக வெட்டித் தட்டோரம் வைத்தால் சாப்பிடுபவரே பிழிந்துகொள்வார். கிரீமில் கலந்த சாறு பரவாயில்லை.

தட்டில் எப்படி அடுக்கினா நல்லாயிருக்கும்? முன்னாடியே தயார் பண்ணி வைக்கலாமா?

ஒரு நபருக்கு இரண்டு, மூன்று ஏடுகள். ஒன்றின் மேல் ஒன்று தட்டையாக ஒட்டாமல், நடுவில் தூக்கித் தளர்வாக மடித்து வைத்தால் பார்க்கவும் நன்று, முள்கரண்டிக்கும் எளிது. ரோஜாப்பூ மாதிரி சுருட்டுவதைச் சிலர் விரும்புகிறார்கள். இறுக்கிச் சுருட்டினால் உள்மடிப்பு குளிர்ந்தே கிடக்கும், ஒரே வாயில் மொத்தமாகப் போகும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

மீனை மட்டும் தட்டுகளில் அடுக்கி, கிளிங் ஃபிலிம் மேற்பரப்பைத் தொடும்படி மூடி, 3 மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மூடாமல் வைத்தால் ஓரம் காய்ந்து கருக்கும். கிரீம், கேப்பர், இலை எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில். ஃப்ரிட்ஜில் பத்துத் தட்டுக்கு இடம் இருக்கிறதா என்பதை முந்தைய நாளே காலித் தட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சின்ன ரொட்டித் துண்டு மேல வெச்சா ஊறிப் போயிடுதே?

ரொட்டிக்கும் மீனுக்கும் நடுவே கொழுப்பு ஓர் அடுக்கு இருக்க வேண்டும். வெண்ணெயோ கிரீம் சீஸோ விளிம்பு வரை தடவுங்கள். நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் ஓரத்தில் ஈரம் ஏறும். சவர் கிரீம் நீர்த்தது. அடியில் தடவாமல் மேலே வையுங்கள். வெள்ளரிக்காய் வைப்பதானால் விதையை நீக்கி, துணியில் ஒற்றுங்கள். மொறுமொறு பிஸ்கட்டில் வைத்தவை அரை மணி நேரம்தான் தாங்கும். ரை ரொட்டி ஒரு மணி நேரம் தாங்கும்.

பிளினி வீட்டில் செய்யலாமா?

மீனை மேலே வைத்துத் தரும் குட்டித் தோசை போன்றதுதான் பிளினி. செய்யலாம், கடையில் வாங்கும் ரப்பர் வட்டங்களைவிடப் பலமடங்கு மேல். முப்பது குட்டி பிளினிக்கு: பக்வீட் மாவு 75 கிராம், மைதா 75 கிராம், உடனடி ஈஸ்ட் 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான பால் 225 மில்லி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், முட்டை 1. மஞ்சள் கருவை மட்டும் மாவோடு கலந்து, மூடி, ஒரு மணி நேரம் பொங்க விடுங்கள். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, மாவில் மெல்லப் புரட்டிச் சேர்த்து, மிதமான சூட்டில் ஒரு மேசைக்கரண்டி மாவாக ஊற்றுங்கள். மேலே குமிழ் வெடித்ததும் திருப்பி, இன்னும் ஒரு நிமிடம்.

காலையிலேயே சுட்டு வைத்து மாலையில் 150 டிகிரி அவனில் ஐந்து நிமிடம் காட்டலாம். ஆனால் வெதுவெதுப்பு தணிந்த பிறகே மீனை வையுங்கள். சூட்டின் மேல் வைத்தால் ஏட்டின் அடிப்பக்கம் வெந்து வெளுத்துவிடும்.

வாங்கினது ரொம்ப உப்பா இருக்கு. தண்ணீரில் கழுவலாமா?

கழுவாதீர்கள். புகை வாசம் மேற்பரப்பில்தான் இருக்கிறது, முதலில் அது போகும். ஏடும் நீர் கோத்துக்கொள்ளும். பொதுவாக 100 கிராமில் 3 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும் என்பதால் ‘உப்பாக இருக்கிறது’ என்பதே இயல்புதான். உங்கள் பாக்கெட் அதையும் மிஞ்சினால், ஆளுக்கான அளவை 50 கிராமாகக் குறைத்து, கேப்பரை விட்டுவிட்டு, வெள்ளரிக்காய், வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பில்லாத கிரீம் சீஸ் பக்கம் சாயுங்கள்.

கெட்டுப் போச்சானு எப்படித் தெரியும்?

புளித்த வாடை, அம்மோனியா நெடி, விரலில் நூல் போல இழுபடும் கொழகொழப்பு, ஊதிய பாக்கெட். இதில் ஒன்று இருந்தாலும் தூக்கி எறியுங்கள். லேசான எண்ணெய்ப் பளபளப்பு இயல்பானது. ஆனால் அடுத்த பதிலில் வரும் லிஸ்டீரியா வாடையிலோ நிறத்திலோ எந்த மாற்றத்தையும் காட்டாது. அதனால் தேதி முடிந்ததை முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

கர்ப்பிணி ஒருத்தர் வர்றாங்க. ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்?

கொடுக்காதீர்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும். உப்பும் குளிர்ந்த புகையும் அதை முழுதாகக் கொல்வதில்லை. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவு வரை போகலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இது கடுமையாகலாம்.

பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, கர்ப்பிணிகள் கோல்டு ஸ்மோக்டு மீனைச் சமைக்காமல் சாப்பிட வேண்டாம் என்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஒரு படி மேலே போய், ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் எல்லாப் புகைமீனையும் சேர்க்கிறது. உள்ளே 74 டிகிரி எட்டும்வரை சூடாக்கினால் சாப்பிடலாம். அவருக்கு மட்டும் சால்மன் சேர்த்த முட்டை டார்ட்டைச் சுடச்சுடக் கொடுக்கலாம். அல்லது அடுத்த கேள்வியில் உள்ள பீட்ரூட் தட்டு. விருந்தினர் கர்ப்பத்தை இன்னும் வெளியே சொல்லாமலும் இருக்கலாம் என்பதால், அழைக்கும்போதே ‘ஸ்டார்ட்டர் ஸ்மோக்டு சால்மன், வேறு வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒருத்தர் மீனே சாப்பிட மாட்டார், இன்னொருத்தருக்கு அலர்ஜி. என்ன செய்யறது?

பீட்ரூட்டைத் தோலோடு சுட்டு, உரித்து, மெல்லியதாகச் சீவி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் ஸ்மோக்டு உப்பும் தூவினால் அதே கிரீம், அதே ரொட்டியோடு ஒத்துப்போகும். மேசையில் அவர் தட்டு மட்டும் தனித்துத் தெரியாது. மீன் அலர்ஜி இருப்பவருக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, முதலில் அவருடைய தட்டு. பால், கோதுமை, முட்டை அலர்ஜியையும் கேளுங்கள். கிரீம், ரொட்டி, பிளினி மூன்றிலும் அவை ஒளிந்திருக்கின்றன.

வேகாத மீன்ல புழு இருக்கும்கிறாங்களே?

காட்டு சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்க வாய்ப்புண்டு. அதைக் கொல்வது உறைகுளிர். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும். உலர்தீவனத்தில் வளர்ந்த பண்ணை சால்மனுக்கு விலக்கு உண்டு. முறையான தயாரிப்பாளரின் பாக்கெட்டில் இதைப் பற்றிக் கவலை தேவையில்லை. வீட்டில் நீங்களே கிராவ்லாக்ஸ் ஊறவைத்தால் கவனம் வேண்டும். உப்பை நம்பாமல், மீனை முதலில் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வையுங்கள். உறைகுளிர் புழுவைக் கொல்லும், லிஸ்டீரியாவைக் கொல்லாது. எனவே கர்ப்பிணிகளுக்கான பதில் மாறாது.

வீட்டிலேயே புகை போடலாமா?

கோல்டு ஸ்மோக்டு வேண்டாம். அது பல மணி நேரம் நிற்கும் 20, 30 டிகிரி சூடுதான் நுண்ணுயிர்களுக்கும் இதமானது. உப்பின் அளவையும் ஈரத்தையும் அளந்து கட்டுப்படுத்தும் கூடங்களுக்கு உரிய வேலை அது.

ஹாட் ஸ்மோக்டு வீட்டில் வரும். ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் உப்பு கரைத்து, மீனை ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் ஊற வையுங்கள். ஒற்றித் துடைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜிலேயே 2 மணி நேரம் உலர்த்துங்கள். மேலே பிசுக்கென்று ஒரு படலம் வரும், புகை அதில்தான் பிடிக்கும். மூடியுள்ள கிரில்லில் 90 டிகிரி அளவில், மீனின் நடுவில் 63 டிகிரி வரும்வரை புகை காட்டுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. அன்றே பரிமாறிவிடுங்கள்.

இதுக்கு அப்புறம் மெயின் என்ன வைக்கலாம்? குடிக்க?

மீண்டும் மீனோ, புகை வாசமோ, கிரீம் சாஸோ வேண்டாம். வாட்டிய கோழி, ஆட்டிறைச்சி, காளான் ரிசோட்டோ பொருந்தும். குடிக்க எலுமிச்சையும் வெள்ளரியும் போட்ட சோடா, அல்லது இனிப்பில்லாத ஸ்பார்க்லிங் ஒயின். ரெட் ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து உலோகச் சுவையைக் கிளப்பும். அதை மெயினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்துபோனதை என்ன செய்யலாம்?

மேசையில் 2 மணி நேரத்தைத் தாண்டியது குப்பைக்கு. ஃப்ரிட்ஜில் இருந்தது என்றால், அடுப்பை அணைத்த பிறகு முட்டைப் பொரியலிலோ பாஸ்தாவிலோ கலக்குங்கள். கொதிக்க விட்டால் உப்புதான் மிஞ்சும். கிழிசலும் ஓரமும் 200 கிராம் சேர்ந்தால், 100 கிராம் கிரீம் சீஸ், 2 மேசைக்கரண்டி சவர் கிரீம், 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிளகு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு நான்கைந்து சுற்று. கூழாகும் முன் நிறுத்துங்கள். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளுக்கு ரொட்டியில் தடவ ஆகும். பாக்கெட் பிரித்த நாளிலிருந்து எண்ணும் மூன்று நாள் கணக்கு இதற்கும் பொருந்தும்.